முடி இறக்காத பிள்ளைகள்

திண்டிவனம்
29-1-1961

பாஞ்சாலிக்கு,

'அன்புள்ள அண்ணி' என்று இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்குப் பரீட்சையன்று என் சிலேட்டை எட்டிப் பார்த்தவளை எப்படி அண்ணி என்று எழுதுவது? அண்ணி என்றால் 'நீங்கள்' போட வேண்டும். 'நீங்கள்' போட்டால் சண்டை போட முடியாது. அதனால் கடிதத்தில் மட்டும் நீ பாஞ்சாலி. ஊருக்கு வரும்போது அம்மா எதிரில் அண்ணி. சம்மதமா?

உன்னிடம் ஒரு வேலை ஆக வேண்டும். எங்கள் சரித்திர டீச்சர் எல்லோரையும் அவரவர் ஊர் வரலாற்றை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக இருப்பதை அடுத்த வருஷம் ஆண்டு விழாவில் மேடையேற்றிப் படிக்கச் சொல்வார்களாம். செஞ்சிப் பெண்ணுக்குக் கோட்டை இருக்கிறது. மேல்மலையனூர்ப் பெண்ணுக்கு அங்காளம்மன் இருக்கிறாள். "உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று டீச்சர் கேட்டபோது, "பதினோரு வீடு இருக்கு டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "பதினோரு வீட்டுக்கும் ஒரு கதை இருக்கும், கேட்டுக்கொண்டு வா" என்றார்கள்.

யாரைக் கேட்பது? நான் கேட்டால் அம்மா, "படிக்கப் போனவளுக்கு ஊர்ப்பேச்சு எதுக்குடி?" என்பாள். நீ மருமகள். கூடவே வேலை செய்கிறவள். நீ கேட்டால் சொல்வாள். ஒதிய மரம் ஒன்றுகூட இல்லாத ஊருக்கு ஒதியமேடு என்று ஏன் பெயர்? ஏரிப் பக்கம் புளியமரத்துக்கு அப்பால் தரையோடு தரையாகக் கிடக்கிற பாழ்மனைகளில் யார் குடியிருந்தார்கள்? முக்கியமாக இன்னொன்று. மூன்றாம் வருஷம் மலையனூரில் முடி இறக்குகிறவரை நம் ஊரில் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை, வெளியாளுக்குக் காட்டுவதில்லை, 'எத்தனை பிள்ளைகள்' என்று கேட்டால் அதைச் சேர்த்துச் சொல்வதும் இல்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். ஹாஸ்டலில் சொன்னால் ஒருத்தியும் நம்பவில்லை! பக்கத்து ஊர்களிலேயே இந்த வழக்கம் கிடையாதாம். நமக்கு மட்டும் எப்படி வந்தது?

அடுத்த மாதம் ஜனத்தொகை எடுக்க வருவார்கள். வரி போடத்தான் வருகிறார்கள் என்று அம்மா சொல்வாள். அது இல்லை. ஓர் ஊரில் இத்தனை பேர் என்று தெரிந்தால்தான் கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் கிடைக்கும். முடிந்தால் நம் பையனையும் சேர்த்துச் சொல். என் மருமகனுக்கு மூன்று மாதம் ஆகிறது, இன்னும் அவன் உலகத்தில் இல்லை என்றால் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. குப்புற விழுகிறானா?

கிருஷ்ணவேணி


ஒதியமேடு
8-3-1961

கிருஷ்ணவேணிக்குப் பாஞ்சாலி எழுதுவது.

சம்மதம். ஆனால் உன் சிலேட்டை நான் எட்டிப் பார்க்கவில்லை. நீதான் திருப்பிக் காட்டினாய். உன் விடையே தப்பு. அதனால்தான் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம்.

உன் அண்ணன் வல்லம் சந்தைக்குப் போனபோது இந்தத் தாள் வாங்கி வந்தார். நான் எழுதி நாளாயிற்று. எழுத்து கோணலாக வந்தால் பார்த்துப் படித்துக்கொள்.

ஜனத்தொகைக்கு ஆள் வந்துவிட்டுப் போனார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சீனுவாசன் வாத்தியார்தான். வெயிலில் வந்தாரே என்று அத்தை மோர் கொடுத்தார்கள்.

"இந்த வூட்ல எத்தினி பேரும்மா?"

"இருக்கறவங்க இருக்கறோம். எண்ணி அடைக்கறதுக்கு நாங்க இன்னா கோழியா?"

"கெவுர்மெண்டு கேக்குதும்மா."

"கெவுர்மெண்டு வந்து கேக்கட்டும். அதுக்கும் மோரு குடுக்கறேன்."

அப்புறம் உன் அண்ணன் தாண்டவராயன், அத்தை வீரம்மாள், நான் என்று மூன்று பேர் எழுதினார். உன் பெயரையும் அத்தை சொன்னார்கள். ஹாஸ்டலில் இருப்பவர்களை அங்கேயே எண்ணிவிடுவார்கள் என்றார் வாத்தியார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தது நானு, எண்ணிக்கறது அவங்களா?" என்றார்கள். உன்னை மட்டும் எண்ண வேண்டும், அவனை எண்ணக் கூடாது. உன் அம்மா நியாயம் இது.

"கொழந்தைங்க?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். அவனைக் கிளியம்மாள் அக்கா தூக்கிக்கொண்டு கழனிப் பக்கம் போயிருந்தாள். கொடியில் அவன் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாத்தியார் துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பால் கட்டி என் ரவிக்கை நனைந்திருந்தது. தாளை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். உன் கடிதம் ஞாபகம் வந்தது. ஆனால் வாய் வரவில்லை.

நீ கேட்டதை அத்தையிடம் கேட்டேன். கேப்பை புடைத்துக்கொண்டே சொன்னார்கள். ஊரில் முன்பு நாற்பது வீடாம். அந்தப் பாழ்மனைகள்தான் ஊர். இந்த மேடு வெறும் கழனி. வெள்ளைக்காரன் காலத்தில் ஆட்கள் வந்து கதவு கதவாகக் காவியால் நம்பர் போட்டு, உள்ளே இருந்த தலைகளை எண்ணிக்கொண்டு போனார்களாம். அந்த மழைக்காலத்தில் விஷ ஜுரம். நம்பர் போட்ட வீடெல்லாம் காலி. தூக்க ஆள் இல்லாமல் மாட்டு வண்டியில் அடுக்கிக் கொண்டுபோனார்களாம். மேட்டில் மல்லாட்டைக் கொல்லைக் காவலுக்குக் குடிசை போட்டிருந்த நான்கு குடும்பம் மட்டும் தப்பித்தது. குடிசைக்குக் கதவு கிடையாது. கதவு இல்லாததால் நம்பரும் இல்லை. அந்த நான்கு குடும்பம்தான் நாம் எல்லோரும். அன்றிலிருந்து, பிள்ளை கொஞ்சம் கெட்டியாகிறவரை யாரும் எண்ணக் கூடாது என்று வைத்துக்கொண்டார்களாம்.

இதைச் சொல்லும்போது அத்தை முறத்தை நிறுத்தவே இல்லை. மரத்தைப் பற்றி மட்டும், "இருந்திருக்கும், வெட்டியிருப்பாங்க" என்றார்கள்.

குப்புற விழுகிறான். இதை யாரிடமும் சொல்லாதே.

பாஞ்சாலி


திண்டிவனம்
18-2-1962

பாஞ்சாலிக்கு,

நேற்று ஆண்டு விழா. நம் ஊருக்குத்தான் முதல் பரிசு! கோட்டைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. பரிசாக ஓர் அகராதி கொடுத்தார்கள். தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன்.

எதை எழுதினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன். காவி நம்பர், மாட்டு வண்டி, கதவில்லாத குடிசை எல்லாம். கடைசியில் என் யோசனை ஒன்றையும் சேர்த்தேன். டீச்சரிடம் கேட்டபோது, அந்தக் காலத்தில் நோய் பரவிய ஊர்களில் வீடுகளுக்கு அடையாளம் போட அதிகாரிகள் போவதுண்டு என்றார்கள். அப்படியானால் நம் ஊரில் ஜுரம் முதலில் வந்திருக்கும். நம்பர் போட்டவர்கள் அதற்குப் பிறகுதான் வந்திருப்பார்கள். உயிரோடு மிச்சம் இருந்தவர்களுக்குக் கண்ணில் நின்றது காவி. அதனால் அதன்மேல் பழி போட்டுவிட்டார்கள். முன்னது பின்னதாகிவிட்டது. நிச்சயமாகத் தெரியாது, ஆனால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

இனி எழுதுவதை நீ கோபித்துக்கொள்ளாமல் படி. விழாவுக்குச் சுகாதார அதிகாரி ஒருவர் வந்திருந்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "முடி இறக்காத பிள்ளைகள் இப்போது உங்கள் ஊரில் எத்தனை?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். அம்மை குத்தியிருக்கிறதா என்றார். வெளியாளுக்குக் காட்டவே மாட்டார்கள், எப்படிக் குத்துவது என்றேன். அவர் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். வல்லம் பக்கம் சீக்கிரமே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ராத்திரி தோன்றியது. காலையில் அப்படித் தோன்றவில்லை. இந்த வருஷம் அம்மை பல இடத்தில் இருக்கிறது. குத்திக்கொண்டால் வராது. புத்தகத்தில் படித்ததால் சொல்லவில்லை, எங்கள் ஹாஸ்டலில் எல்லோருக்கும் குத்தினார்கள், என் கையில் தழும்பு இருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது அவன் என் ரிப்பனைப் பிடித்து இழுத்துக்கொண்டு, விட மாட்டேன் என்று சிரித்தானே, அந்த முகத்தை நினைத்துத்தான் சொன்னேன். ஆள் வந்தால் நீ அவனைக் கொண்டுவந்து காட்டிவிடு. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது உனக்குத்தான் தெரியும்.

கிருஷ்ணவேணி


ஒதியமேடு
10-3-1962

கிருஷ்ணவேணிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே படித்தேன். உன் அண்ணனிடமும் காட்டினேன். "அம்மாகிட்ட இப்ப சொல்லாத, வரும்போது பாத்துக்கலாம்" என்றார். நானும் சும்மா இருந்துவிட்டேன். வருவார்களோ மாட்டார்களோ, எதற்கு இப்போதே பேஜாரு என்று.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார்கள். நான் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் வீட்டில் அத்தையோடு இருந்தான். அம்மை குத்துகிறவர் பெயர் இருதயராஜ். கூட ஒரு தலையாரி. தலையாரியைப் பார்த்ததும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. நான் ஓடி வந்தபோது அவர் கிளியம்மாள் அக்கா வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான்.

"எறும்பு கடிச்சாப்பல இருக்கும், அவ்ளோதான். எங்கூட்டுக்காரிகிட்ட நான் தினம் வாங்கிக்கறது இதவிட ஜாஸ்தி."

கிளியம்மாள் அக்கா சிரித்துவிட்டாள். சிரித்தவள் உள்ளே போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒருத்தி நீட்டினதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். நம்பவே முடியவில்லை. மலையனூருக்குப் போகாத பிள்ளைகள் எட்டும் வெயிலில் வரிசையாக நின்றன. சின்ன வயதிலிருந்து நான் அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் அவர் தாளைப் பார்த்தார். "ஒம்போதுல எட்டுதான் ஆச்சு. இன்னொண்ணு எங்கம்மா?"

"எங்க ஊர்ல எட்டுதாங்க" என்றாள் கிளியம்மாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

"உங்க ஊர்ப் பொண்ணே மேடையேறிச் சொல்லிச்சாமே."

நான் வீட்டுக்கு ஓடினேன். அவன் இல்லை. அத்தையும் இல்லை. தூளிச் சேலையும் இல்லை. பின்பக்கக் கதவு திறந்திருந்தது. தலையாரி ஊருக்குள் நுழையும்போதே அத்தை அவனைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கி அக்கரைக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் இல்லாத ஏரி, யார் தடுப்பார்கள்? போகிற வழியில் மாடு மேய்த்த துரைக்கண்ணு மாமாவிடம், "எம்பொண்ணே என் பேரனக் காட்டிக் குடுத்துட்டா. அஞ்சம்மா வூட்டுக்குப் போறேன். ஊசிக்காரன் போனப்புறம் வர்றேன்" என்று சொன்னார்களாம். வானூர் பக்கம் உன் பெரியம்மா வீடு.

குத்தினால் நல்லது என்று எனக்கும் தெரியும் கிருஷ்ணவேணி. நீ முதலில் எனக்கு எழுதியிருந்தால், நான் அத்தையிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசியிருப்பேன். ஒரு மாதம் ஆகட்டும், இரண்டு மாதம் ஆகட்டும். நீ சபைக்குச் சொல்லிவிட்டு அப்புறம் எனக்குச் சொன்னாய். குப்புற விழுகிறான் என்பதையே யாரிடமும் சொல்லாதே என்று எழுதினவள் நான்.

ஆறு நாளாக அவன் இல்லாமல் தூங்குகிறேன். அடுத்த வாரம் உன் அண்ணன் போய் அழைத்து வருவார்.

பாஞ்சாலி


திண்டிவனம்
14-3-1962

பாஞ்சாலி,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. அடுத்த வாரம் வேண்டாம். இதைப் படித்த உடனே அண்ணனை அனுப்பு. எங்கள் ஹாஸ்டலில் வானூர் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களை ஊருக்குப் போகக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே அம்மை இருக்கிறது. எந்தெந்த ஊர் என்று விசாரித்தேன். பெரியம்மா ஊர் பெயரை ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, அது இல்லை, பக்கத்து ஊர் என்றாள். எதுவாக இருந்தாலும் பக்கம்தானே.

அம்மாவுக்குச் சிறு வயதிலேயே அம்மை பார்த்துவிட்டது, முகத்தில் தழும்பு இருக்கிறது, அவளுக்கு ஒன்றும் ஆகாது. அவனுக்குத்தான் ஒன்றும் இல்லை, தழும்பும் இல்லை, ஊசியும் இல்லை.

நீ என்னைத் திட்டியது எல்லாம் சரி. பதில் சொல்ல இப்போது நேரம் இல்லை. அண்ணன் அவனை வாங்கிக்கொண்டு நேரே திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வரட்டும். நான் வார்டனிடம் சொல்லிவிட்டு வாசலில் நிற்கிறேன். அம்மா மறுத்தால், கிருஷ்ணவேணி காலில் விழுந்து கேட்டாள் என்று சொல்லச் சொல். இனி வாயைத் திறக்க மாட்டேன் என்றும் சொல்லச் சொல்.

கிருஷ்ணவேணி


ஒதியமேடு
9-4-1962

கிருஷ்ணவேணிக்கு,

உன் அண்ணன் எழுத மாட்டேன் என்றுவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே புறப்பட்டுப் போனார். மறுநாள் காலையில் பெரியம்மா வீட்டுத் தெருவில் நுழைந்தபோது வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. பெரியம்மாவின் பேத்திக்கு அம்மை பார்த்திருந்தது. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் போகக் கூடாது. உள்ளே இருப்பவர்களும், தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை வெளியே வரக் கூடாது. அது உனக்கும் தெரியும். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று கூப்பிட்டாராம். அத்தை கதவு வரை வந்தார்கள். அவன் இடுப்பில் இருந்தான். அப்போது அவன் மேல் ஒரு பொட்டும் இல்லை என்று உன் அண்ணன் சத்தியம் செய்கிறார்.

"புள்ளயக் குடும்மா, தூக்கிக்கினு போயிடறேன்" என்று கேட்டாராம்.

"அம்மா இருக்கற வூட்லேர்ந்து எப்பிட்றா தூக்கறது? பின்னாடியே வந்துடுவாடா. கிட்ட வராத. மூணு தண்ணி ஆவட்டும், நானே கொண்டாறேன்."

அவன் இவரைப் பார்த்துக் கையை நீட்டினானாம். இவர் போகவில்லை. போயிருக்கலாம். நான்கு எட்டு வைத்தால் வாசல். ஆனால் போகவில்லை. அதை நான் கேட்கவும் மாட்டேன், அவர் சொல்லவும் மாட்டார். திரும்பி வந்து அன்று முழுக்க மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்.

நான் போகிறேன் என்றேன். விடவில்லை. என் வயிற்றில் இன்னொன்று இருக்கிறது. உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் எங்கே போகும் என்று தெரியவில்லை.

வீட்டில் தாளிக்கவில்லை. தலை வாரவில்லை. யாருக்காக விரதம் இருக்கிறேனோ அவனைப் பார்க்காமலே இருந்தேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை அத்தை வந்தார்கள். ஏரி வழியாகத்தான். தனியாக. தூளிச் சேலையும் இல்லை.

அம்மா எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு அழக் கூடாதாம். அழவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். சவுக்குத் தோப்பு ஓரம் என்றார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கடைசியில் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பெயர் இல்லாத பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுவது? "அப்பா, அப்பா"ன்னுதான் கூப்பிட்டேன் என்றார்கள். அதற்கப்புறம் அத்தை என்னோடு பேசவில்லை. உன் பெயரைச் சொல்வதும் இல்லை.

துரைக்கண்ணு மாமாவுக்கு இப்போது ஜுரமாக இருக்கிறது. பெரியவர்களுக்குக் குத்த வந்தபோது அவர் மாட்டைச் சாக்குச் சொல்லிப் போய்விட்டார். நடுவில் சொந்தக்காரர் என்று வானூருக்குப் போய் வந்தாராம். அம்மைதான் என்கிறார்கள். குத்திக்கொண்ட எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் இல்லை. கிளியம்மாள் அக்கா தன் பிள்ளையை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்கிறாள். நான் தண்ணீருக்குப் போனால் அவள் குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே போகிறாள். அவள் என்ன தப்பு செய்தாள்?

உன் படிப்பை நிறுத்தி அழைத்து வருகிறேன் என்றார் உன் அண்ணன். நான் வேண்டாம் என்றேன். உனக்காகச் சொல்லவில்லை. நீ இங்கே இருந்தால் உன் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும். லீவுக்கும் வராதே.

பாஞ்சாலி


திண்டிவனம்
15-4-1962

பாஞ்சாலிக்கு,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். என்ன எழுதினாலும் கட்டுரை போல வருகிறது. எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் அம்மா ஓடியிருக்க மாட்டாள். அம்மா ஓடியிருக்காவிட்டால் அவன் இருப்பான். இது எனக்குத் தெரியும். இதற்கு அப்புறமும் யோசிக்கிறேன். துரைக்கண்ணு மாமா மூலமாக அம்மை நம் ஊருக்கே வந்துவிட்டது. குத்தாமல் இருந்தால் அந்த எட்டுப் பிள்ளைகளும் என்ன ஆகியிருக்கும்? அவர்களாவது பிழைத்தார்களே என்று ஒரு நிமிஷம் ஆறுதலாக இருக்கிறது. உனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமோ என்று எழுதுகிறேன்.

நான் வரவில்லை. லீவில் ஹாஸ்டலிலேயே இருந்துகொள்ள அனுமதி வாங்கிவிட்டேன். ஆனால் நீ ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். துரைக்கண்ணு மாமா பக்கம் போகாதே. ஆஸ்பத்திரியில் கேட்டு, நீ குத்திக்கொள்ளலாமா என்று எழுதுகிறேன்.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
2-7-1962

பாஞ்சாலிக்கு,

பதில் இல்லை. அந்த எட்டுப் பிள்ளைகளைப் பற்றி உனக்கு எழுதியிருக்கக் கூடாது. அவர்களை எண்ணி உன் கையில் கொடுத்தால் நீ என்ன செய்வாய்? எனக்கு அது ஜூன் மாதம்தான் உறைத்தது. துரைக்கண்ணு மாமா போய்விட்டார் என்று வல்லத்துப் பெண் ஒருத்தி சொன்னாள். அகராதியை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். அறையில் இருந்தால் தூக்கம் வரவில்லை.

கிருஷ்ணவேணி


ஒதியமேடு
3-12-1962

கிருஷ்ணவேணிக்கு,

ஐப்பசியில் பெண் பிறந்தது. பதினோராம் நாளே பெயர் வைத்துவிட்டேன். அத்தை வீட்டை விட்டு வெளியே போய் நின்றார்கள். நான் நிறுத்தவில்லை. வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி மூன்று தடவை கூப்பிட்டேன். கதவுகள் எல்லாம் திறந்தன. என்ன பெயர் என்று உனக்கு எழுத மாட்டேன்.

போன சந்தைக்கு முந்தின சந்தையன்று வல்லத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குத்திவிட்டேன். நான் மட்டும்தான் போனேன். உன் அண்ணன் ரோடு வரை வந்தார். இருதயராஜ்தான் குத்தினார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். அன்று அவர் வேடிக்கை ஒன்றும் பேசவில்லை.

இன்றோடு ஒன்பது நாள். குத்தின இடம் அவரைக்கொட்டை மாதிரி வீங்கி, சீழ் வைத்திருக்கிறது. சுற்றிலும் சிவப்பு. அக்குளில் ஒரு கட்டி. நேற்றிலிருந்து உடம்பு கொதிக்கிறது. பால் சரியாகக் குடிக்கவில்லை. உடம்பில் வேறு இடத்தில் ஒன்றும் இல்லை. விளக்கை வைத்துப் பார்த்தேன். இது குத்தினதா, அதுவா? அத்தை வேப்பிலை ஒடித்து வைத்திருக்கிறார்கள். வாசலில் கட்டவிடாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன். கட்டிவிட்டால் நான் வெளியே தூக்கிப் போக முடியாது. கிளியம்மாள் அக்கா மட்டும் வந்து பார்த்து, தன் பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்தது என்றாள். அவள் என்னை ஆற்றுவதற்காகச் சொல்லியிருக்கலாம்.

இங்கே கேட்க வேறு ஆள் இல்லை. உனக்குத் தெரியும். உன் அண்ணனிடமே கொடுத்து அனுப்புகிறேன். அவர் கையிலேயே பதில் கொடு.

என் கோபம் போகவில்லை. போய்விடும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கேட்டதற்கு மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுதாதே.

பாஞ்சாலி


திண்டிவனம்
3-12-1962, மாலை

அண்ணிக்கு,

குத்தினதுதான். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் நேரில் கேட்டுவிட்டு எழுதுகிறேன். ஒன்பதாம் நாள் இப்படித்தான் இருக்கும். ஜுரமும் கட்டியும் இரண்டு மூன்று நாளில் குறையும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். வேறு இடத்தில் கொப்புளம் கண்டாலோ, ஜுரம் விடாவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். பொருக்கு மூன்று வாரத்தில் தானாக விழும். அதுவரை அந்தக் கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.

கிருஷ்ணவேணி